பச்சை விளக்கும் டாரத்தியின் ஹார்ப்பும்

அன்புள்ள பிரபு,

இந்தக் கடிதத்தை நீ முழுசாகப் படிப்பாயா என்பதே எனக்குச் சந்தேகம். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் இரண்டு மீட்டிங்குக்கு நடுவே மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிடுவாய். தமிழ் என்றால் நீ எழுத்துக்கூட்டித்தான் படித்தாக வேண்டும், ஒரு வரியையும் தாண்ட முடியாது. எட்டு வருஷம் உன்னைத் தமிழ்ப்பள்ளிக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பயன் இருக்கட்டும். பாதி படித்ததும் போட்டோ எடுத்து ஜெனிக்கு அனுப்புவாய் என்றும் தோன்றுகிறது. அனுப்பு. ஆனால் கடைசிவரை படித்துவிட்டு அனுப்பு. பாதியில் நிறுத்தினால் என்னைப் பற்றி அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே இருக்கும் அபிப்பிராயம் இன்னும் மோசமாகத்தான் ஆகும்.

ஆறு வாரமாக நீ என் போனை எடுக்கவில்லை. அம்மாவிடம் பேசுகிறாய், எனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் போடச் சொன்னால் மட்டும் சான் ஹோசேயில் திடீரென்று சிக்னல் போய்விடுகிறது. ஏப்ரலில் இங்கே டெக்சஸில், நம் கேட்டி ஊரிலேயே உனக்கும் ஜெனிக்கும் கல்யாணம். மண்டபம், சாப்பாடு, தாலி, மோதிரம் எல்லாம் பேசி முடித்தாயிற்று. அப்பாவோடு மட்டும் பேச்சில்லை. நீ கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் எவ்வளவு நியாயம் என்று உனக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் கல்யாணப் பேச்சு எடுத்த நாளிலிருந்தே எனக்கு எதிலும் நம்பிக்கை வரவில்லை. இரண்டு வருஷமாகப் பழகியிருக்கிறாய், எங்களிடம் மூச்சு விடவில்லை. பெண் வீட்டார் நாகர்கோவில் பக்கம், சர்ச்சுக்குப் போகிறவர்கள். நாம் கோயிலுக்குப் போகிறவர்கள். அதுகூடப் பரவாயில்லை என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தபோது ஒரு சனிக்கிழமை காலை உன் அம்மா காட்டன் புடவை கட்டிக்கொண்டு கார் சாவியைத் தேடினாள். எங்கே என்று கேட்டேன். "ஸ்டெல்லா கூப்டாங்க, ஹார்ப் வாசிக்கிற குரூப்பாம். சர்ச் ஹால்ல நடக்குது. சும்மா போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள். ஸ்டெல்லா யார்? ஜெனியின் அம்மா, எனக்கு வரப்போகும் சம்பந்தியம்மா. இடம் சர்ச் ஹால். நாள் முகூர்த்தத்துக்கு ஐந்து மாதம் முன்னால். முப்பது வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவன் நான். மற்றவர்கள் எழுதியதில் எங்கே தப்பு ஒளிந்திருக்கிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். பையனைப் பிடித்தாயிற்று, அடுத்து அம்மா என்று முடிவு கட்டிவிட்டேன்.

திரும்பி வந்தவளைக் குறுக்கு விசாரணை செய்தேன். ஜெபம் உண்டா, புத்தகம் ஏதாவது கொடுத்தார்களா, பெயர், போன் நம்பர் வாங்கினார்களா? அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஒண்ணும் இல்லங்க. உக்காந்தோம், வாசிச்சோம், வந்தோம். மனசு லேசா இருக்கு" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு உறுத்தியது. முப்பத்தைந்து வருஷமாக என்னோடு இருந்து லேசாகாத மனசு ஒரு காலையில் எப்படி லேசாகும்? மூன்றாவது சனிக்கிழமை நானும் கிளம்பினேன். வேவு பார்க்கத்தான் போனேன், வேறு எதற்கும் இல்லை.

ஹாலில் வட்டமாக ஒன்பது நாற்காலிகள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு ஹார்ப். இடுப்பு உயரம், வலது தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டு கையாலும் மீட்ட வேண்டும். உன் அம்மா அதை யாழ் என்றே சொல்லிக்கொள்கிறாள். அந்தக் குழுவை நடத்துவது டாரத்தி என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. எண்பதைத் தாண்டியவர், ரிட்டயர்டு நர்ஸ். ஓர் ஓரமாக நின்று பார்த்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். இங்கே வேடிக்கை பார்க்கிறவர்கள் கிடையாது, உள்ளே வந்தால் வாசிக்க வேண்டும் என்று சொல்லி என்னை ஒரு ஹார்ப்பின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். நரம்புகளில் சில சிவப்பு நிறத்தில் இருக்கும், அவற்றை மட்டும், அவர் தலையசைக்கும்போது மட்டும் தொட்டால் போதுமாம். என் இடப்பக்கத்து நாற்காலியில் ஸ்டெல்லா. "வாங்க அண்ணே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. யாரும் தன்னுடைய ஹார்ப்புக்குத் தானே சுருதி கூட்டக் கூடாது. இடப்பக்கம் இருப்பவர்தான் கூட்ட வேண்டும். சின்னச் சாவி மாதிரி ஒன்றை வைத்து முப்பத்துச் சொச்சம் நரம்பையும் ஒவ்வொன்றாக முறுக்க வேண்டும், கால் மணி நேரமாவது ஆகும். டெக்சஸ் வெயிலுக்கும் ஏசிக்கும் நடுவே அந்த நரம்புகள் ஒரு வாரம்கூட நிலையாக நிற்பதில்லை. நம் வாத்தியத்தை நாம் கேட்டால் நமக்குப் பிடித்தது போலத்தான் கேட்கும், அதனால் அடுத்தவர் காதுக்கு விட்டுவிட வேண்டும் என்பது டாரத்தியின் கொள்கை. தியானம், ஜெபம், பூஜை எதுவானாலும் தனக்கு இதுதான், உங்கள் சாமியை உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். சுருதி கூட்டி முடித்ததும் பத்து நிமிஷம் காபி. அப்புறம் எல்லோரும் ஹார்ப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும். டாரத்தி மட்டும் ஒரே ஒரு சிவப்பு நரம்பை மீட்டுவார். யாரும் தொடாமலே எல்லோருடைய ஹார்ப்பிலும் அதே நரம்பு மெல்ல அதிருமாம். அந்த அதிர்வு அடங்கும்வரை மௌனம், அதன் பிறகுதான் வாசிப்பு. முதல் நாள் என் நெஞ்சுக்குப் பக்கத்திலும் ஏதோ அதிர்ந்தது. ஏசி ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வழக்கம் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பொருளை இன்னொருவர் கையில் விட்டுவிட்டு நான் காபி குடிப்பதாவது! அந்த வாரமே ஆன்லைனில் ஒரு டியூனர் வாங்கினேன். கிளிப் போல மாட்டிவிட்டு நரம்பை மீட்டினால், சுருதி குறைந்தால் சிவப்பு விளக்கு, சரியாக இருந்தால் பச்சை விளக்கு. அடுத்த சனிக்கிழமை எல்லோரும் காபிக்குப் போனதும் ஹார்ப்பை மெதுவாகத் தூக்கிக்கொண்டு, கோட் மாட்டுகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். ஸ்டெல்லா கூட்டிய சுருதி அத்தனைக்கும் சிவப்பு விளக்கு! ஒரு நரம்புகூடச் சரியில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? நான் வாசிக்கிற சிவப்பு நரம்புகளை மட்டும் அவசர அவசரமாக முறுக்கிப் பச்சைக்குக் கொண்டுவந்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல வந்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாரமும் இதே வேலை. டாரத்தி மீட்டும்போது எல்லோரும் கண்ணை மூடிச் சொக்கிப்போய் இருப்பார்கள். என் ஹார்ப் மரக்கட்டையாகக் கிடக்கும். எல்லோரும் நடிக்கிறார்கள், உன் அம்மாவும் சேர்ந்து நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

நான் சேர்ந்த பிறகு வாசிப்பு நாராசமாகிவிட்டது. எனக்கே கேட்டது. ஒவ்வொருவராக நிமிர்ந்து எங்கள் பக்கம் பார்ப்பார்கள். என்னை யாரும் குறை சொல்லவில்லை. நான் புதுசு, சுருதிக்கு நான் பொறுப்பில்லை. என் ஹார்ப்புக்குச் சுருதி கூட்டியவர் ஸ்டெல்லா. ஒரு நாள் டாரத்தி அவர் தோளில் கை வைத்து, ரொம்ப அன்பாக, சமீபத்தில் காது எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஸ்டெல்லா முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பத்து வருஷக் குழுவில் காது என்றால் ஸ்டெல்லாதான் என்று உன் அம்மா சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் அவர் என் ஹார்ப்புக்கு இரண்டு முறை சுருதி கூட்டினார், காதை நரம்பின் மேலேயே வைத்துக்கொண்டு. நான் வழக்கம்போல கோட் அறைக்குப் போனேன். அதற்கடுத்த வாரம் அவர் வரவில்லை. இனி வரப்போவதில்லை, எல்லோரையும் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது என்று உன் அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பியிருந்தார்.

அன்றைக்குத்தான் நான் உனக்குப் போன் செய்தேன். நான் பேசியது உனக்கு மறந்திருக்காது. "அவங்க அம்மாவுக்குக் காது போயிட்டு வருதுடா. குடும்பத்துலயே இருக்குற கோளாறான்னு கல்யாணத்துக்கு முன்னாடி விசாரிச்சுக்கோ" என்றேன். உனக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பு. நீ "ஓடோமீட்டர், அப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய்.

புரியாமல் இல்லை, பிரபு. பதினேழு வயசில் உனக்கு லைசென்ஸ் வந்ததும் நீ காரை எடுக்கும் முன்னும் வைத்த பின்னும் நான் போய், கார் எத்தனை மைல் ஓடியது என்று காட்டும் ஓடோமீட்டர் நம்பரைப் பார்த்து வைத்துக்கொள்வேன். உனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். லைப்ரரிக்கு என்று போன ஒரு நாள் பதினாலு மைல் கூடுதலாக ஓடியிருந்தது. ஹாலில் நிற்க வைத்துத் திருடனைக் கேட்பதுபோலக் கேட்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. ஒரு மாசம் காரைத் தொடாதே என்றேன், சரி என்றாய். கூடப் படித்த பையனை அவன் அப்பா கூட்டிப்போக வரவில்லை, அழுதுகொண்டு நின்றவனை வீட்டில் கொண்டுபோய் விட்டாய், யாரிடமும் சொல்லாதே என்று அவன் கெஞ்சினான் என்பதெல்லாம் உன் அம்மா மூலமாக எனக்குத் தெரிய நாலு வருஷம் ஆயிற்று. அதற்கு நான் உன்னிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. அந்த ஒரு மாசத்துக்குப் பிறகு நீ ஒவ்வொரு முறையும் சாவியை நீட்டும்போதே நம்பரையும் சொல்லிவிடுவாய். நான் கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல். அதில் இருந்த கோபம் அப்போது எனக்கு உறைக்கவில்லை. பையன் பொறுப்பாகிவிட்டான் என்று நண்பர்களிடம் பெருமையடித்தேன். பிறகு காலேஜ், வேலை, ஜெனி எல்லாமே எனக்குக் கடைசியாகத்தான் தெரியவந்தன. ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை.

இப்போது மிச்சத்தையும் சொல்கிறேன். ஸ்டெல்லா விலகி இரண்டு வாரம் கழித்து டாரத்தியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து எனக்குச் சுருதி கூட்டினார். நான் கோட் அறைக்குப் போய்ப் பார்த்தேன். மறுபடியும் எல்லாம் சிவப்பு. அதே அளவு குறைவு. ஒருவர் காது போகலாம், இரண்டு பேருக்கு ஒரே அளவில் போகுமா? முப்பது வருஷ டெஸ்டிங் புத்தி அப்போதுதான் வேலை செய்தது. திரும்பி வந்து, இந்தச் சுருதி கொஞ்சம் இறங்கி இருக்கிறதோ என்று டாரத்தியிடம் சாதாரணமாகக் கேட்டேன். ஆமாம், எல்லாமே இறங்கித்தான் இருக்கும் என்றார். அவருடைய ஹார்ப் மிகப் பழசு, கழுத்து மரத்தில் விரிசல். முழுச் சுருதிக்கு முறுக்கினால் பிளந்துவிடும். அதனால் பல வருஷமாக எல்லோரும் அதன் சுருதிக்குத் தங்களுடையதை இறக்கிக்கொள்கிறார்கள். "நீங்கள் வந்த முதல் நாளே சொன்னேனே" என்றார். சொல்லித்தான் இருப்பார். நான் அப்போது சுவரில் எத்தனை சிலுவை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

ஆக, பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை. நான்தான் அதைப் பிடித்துக்கொண்டு ஒன்பது பேரில் ஒருவனாக இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பழியை ஒரு நல்ல மனுஷி தன் காது மேல் போட்டுக்கொண்டு போய்விட்டார். தெரிந்த அன்றே ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வாரம் சர்ச் ஹால் பக்கமே போகாமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கல்யாணம் முடியட்டும், சம்பந்தி முன்னால் தலை குனிவதா, தானாகச் சரியாகிவிடும் என்று ஏதேதோ சொல்லிக்கொண்டேன். நான் வாழ்க்கையில் செய்த தப்புகளில் இந்த மூன்று வாரத்தைத்தான் நினைக்க எனக்கு அதிகம் வெட்கமாக இருக்கிறது. ஜெனி லீவு போட்டுவிட்டு வந்து தன் அம்மாவை இரண்டு டாக்டர்களிடம் கூட்டிப்போனாள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் என்னால் தாங்க முடியவில்லை. முதலில் உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கார் சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

போன புதன்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு மேஜை மேல் காது மிஷின் விளம்பரத் தாள்கள் கிடந்தன. நான் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். டியூனரைச் சொன்னேன், கோட் அறையைச் சொன்னேன், உனக்குப் போனில் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். அது வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றவர் அந்த இடத்தில் எழுந்த அழுகையை அடக்க முடியாமல் அடுக்களைக்குப் போய்விட்டார். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது.

"ரெண்டு டாக்டரும் காது நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க அண்ணே. நான்தான் நம்பல. மிஷின் என்ன சொன்னா என்ன, கூட உக்காந்திருந்த அத்தன பேரு மூஞ்சியும் பாத்தேன்லா? அதத்தான் நம்புனேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். "மன்னிக்கது அப்புறம் பாக்கலாம். முதல்ல பிரபுகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும். எம் பொண்ணுகிட்ட அவன் சொல்லட்டும்" என்றார். காபி கொடுக்கவில்லை. வாசல்வரை வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆகவே இந்தக் கடிதம் என் பெருந்தன்மையால் வருவதாக நினைத்துக்கொள்ளாதே. அவர் போட்ட நிபந்தனை இது.

நேற்று சனிக்கிழமை. வருவாரா மாட்டாரா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு வந்தார். டாரத்தியிடமும் மற்றவர்களிடமும் நானே எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். ஒருத்தி சிரித்துவிட்டாள், ஒருவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டெல்லா தன் வழக்கமான நாற்காலிக்குப் போகவில்லை. சுற்றிக்கொண்டு வந்து என் வலப்பக்கம் உட்கார்ந்தார். எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. என்னிடமிருந்து தள்ளி உட்கார்ந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன், இந்தப் புத்தி அவ்வளவு சீக்கிரம் போகாது. பிறகு அவர் தன் சுருதிச் சாவியை என் பக்கம் நீட்டினார். அவருக்கு இடப்பக்கம் இருப்பவன் இப்போது நான். அவருடைய ஹார்ப்புக்கு நான்தான் சுருதி கூட்ட வேண்டும்.

எனக்கு எங்கே தெரியும்? டாரத்தி ஒவ்வொரு நரம்பாக மீட்டிக் காட்ட, நான் கேட்டுக் கேட்டு முறுக்கினேன். மற்றவர்கள் இரண்டாவது காபியும் குடித்து முடித்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், டியூனர் என் சட்டைப் பையில்தான் இருந்தது. இரண்டு தடவை கை அங்கே போயிற்று. எடுக்கவில்லை. அவ்வளவு நேரமும் ஸ்டெல்லா என் பக்கம் திரும்பவே இல்லை, உன் அம்மாவோடு உன் கல்யாணத்துக்குப் பூ எங்கே சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தார். முடித்துவிட்டு, "ஒரு தடவ மீட்டிப் பாத்துக்கோங்க, தப்பிருந்தாலும் இருக்கும்" என்றேன். "நீங்க வச்சாச்சுல்லா அண்ணே. போதும்" என்றார். சொல்லிவிட்டு ஹார்ப்பைத் தோளில் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். என் ஹார்ப்புக்கு டாரத்தியே சுருதி கூட்டியிருந்தார், அதை நான் மாற்றவில்லை. அவர் மீட்டினார். என் நெஞ்சருகே இருந்த நரம்பு, நான் தொடாமலே, அதிர்ந்தது. அதற்குள் ஏசியை நிறுத்தியிருந்தார்கள், பிரபு. நான் பார்த்தேன்.

உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கில்லை, ஆனாலும் அப்பா என்பதால் ஒன்று சொல்கிறேன். ஜெனி உன்னிடம் எதையாவது சொன்னால் அதைச் சரிபார்க்கப் போகாதே. சரியாக இல்லை என்று தோன்றினால் அவளிடமே கேள், கோட் அறைக்குள் போய் நிற்காதே. என் ரத்தம் உனக்குள்ளும் ஓடுகிறது, அதனால் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. அந்தப் பதினாலு மைலுக்காக என்னை மன்னித்துவிடு. அந்தப் போனுக்காகவும். உடனே முடியாவிட்டாலும் பரவாயில்லை, சம்பந்தியம்மாவும் இன்னும் முடிவு சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாலேயே வருவதாக அம்மா சொன்னாள். வாடகைக் கார் எடுக்காதே, என் காரை எடுத்துக்கொள். எங்கே வேண்டுமானாலும் போ, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போ. நான் போய்ப் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை, பார்க்காமலிருக்க முயற்சி செய்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். திரும்பி வந்து சாவியை என் கையில் கொடுக்கும்போது நம்பரைச் சொல்லாதே.

அன்புடன்,
அப்பா